மொத தடவை எலி வளக்குறவங்களுக்கு: கூண்டு, தீனி, வெயில், பொகை

எலி வளக்குறேன்னு சொன்னா எங்க தெருவுல வர்ற மொத பதில் "இன்னாத்துக்கு காசு குடுத்து வாங்கினே, எங்க வூட்ல கீது, வந்து புடிச்சினு போ" தான். பழைய வண்ணாரப்பேட்டைல சாக்கடை மூடிய தூக்குனா பெருச்சாளி எட்டிப் பாக்கும், அப்பேர்ப்பட்ட எடத்துல கூண்டுல ரெண்டு எலிய வெச்சு கொஞ்சுனா சிரிக்கத்தான் செய்வாங்க. அத விடுங்க. நாலு வருஷமா வளக்குறேன், இதுவரைக்கும் ஏழு எலி, அதுபோக எதிர்பாக்காம பொறந்த பதினொண்ணு தனிக்கணக்கு, அந்தக் கதை கீழ வருது. புதுசா வாங்குறவங்க கேக்குறது எல்லாமே கிட்டத்தட்ட ஒரே கேள்விங்கதான், அதனால ஒரே எடத்துல எழுதி வெக்கிறேன்.

ஒரு விஷயம் மொதல்லயே சொல்லிடுறேன். நெட்ல இருக்குற எலி வளப்பு வீடியோ முக்காவாசி குளிர் நாட்டுக்காரங்க போட்டது. குளிராம பாத்துக்கோங்க, கதகதப்பா துணி போடுங்கன்னு சொல்லுவாங்க. நம்ம ஊர்ல எலி குளிர்ல சாகாது. நான் பாத்த வரைக்கும் இங்க எலி சாகுறது ரெண்டே விஷயத்துல, ஒண்ணு சூடு, இன்னொண்ணு மூச்சு. அதனால இந்த கைடுல பாதி அதப்பத்திதான் இருக்கும், பொம்மை, வீலு, ஊஞ்சல் எல்லாம் நீங்களே பாத்துப்பீங்க.

ஸ்டெப் 1: எது எலின்னு தெரிஞ்சிக்கோங்க

கடைல போயி "வெள்ளெலி குடுங்க"ன்னு கேட்டா மூணு வேற வேற ஜீவன காட்டுவாங்க. ஹாம்ஸ்டருக்கும் வெள்ளெலின்னு பேரு, வெள்ளை சுண்டெலிக்கும் அதே பேரு, நாம தேடுற ரேட்டுக்கும் (rat, பெரிய எலி) அதே பேரு. ஹாம்ஸ்டருக்கு வாலே இருக்காது, குட்டியா ஒரு முனை மட்டும் நீட்டினு இருக்கும், அது தனியா இருக்கத்தான் விரும்பும். சுண்டெலி வளந்தாலும் கட்டவிரல் அளவுதான். ரேட்டு வளந்தா வாலு சேத்து ஒரு அடிக்கு மேல வரும், ஆண் அரைக்கிலோ வரைக்கும் போகும், பொண்ணு சாதாரணமா கால் கிலோவுல இருந்து முன்னூத்தம்பது கிராம். கேக்கும்போது "ரேட்டு, பெருசா வளர்றது"ன்னு சொல்லியே கேளுங்க.

இது நம்ம வீட்டு ஓட்டுல ஓடுற எலி இல்ல. வளப்பு எலி எல்லாமே பழுப்பு எலிங்குற வேற இனத்துல இருந்து வந்தது. இங்கிலாந்துல 1901லயே அழகுப் போட்டி வெச்சு இதுக்குப் பரிசு குடுத்திருக்காங்க, ஆய்வகத்துல வெக்கிற வெள்ளை எலியும் இதே சொந்தம்தான். நூறு வருஷத்துக்கு மேல மனுஷன் கையிலயே வளந்ததால குணம் மாறிப்போச்சு. அதனால தெருவுல கண்ணு தொறக்காத எலிக்குஞ்சு கெடைச்சுதுன்னு எடுத்தாந்து வளக்காதீங்க, அது வளந்தப்புறம் கூண்டுல நிம்மதியா இருக்காது, லெப்டோங்குற எலிக்காய்ச்சல் மாதிரி நோயும் கூடவே வரும்.

ஸ்டெப் 2: வாங்குறதுக்கு முன்னாடி கூண்டு

எலிய வாங்கிட்டு அட்டைப்பெட்டில வெச்சிக்கிட்டு கூண்டு தேடாதீங்க. நான் அப்படித்தான் பண்ணேன், காலைல எழுந்து பாத்தா அட்டைப்பெட்டில கை நொழையிற அளவு ஓட்டை, எலி பீரோவுக்குப் பின்னாடி.

ரெண்டு எலிக்கு கொறஞ்சது ரெண்டு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ரெண்டு அடி ஒயரம். பெருசா இருந்தா இன்னும் நல்லது. லவ் பேர்ட்ஸுக்கு விக்கிற பெரிய கூண்டு போதும், ஆனா கம்பிக்கு நடுவுல இருக்குற இடைவெளி அரை இஞ்ச்சுக்கு மேல இருக்கக்கூடாது, குட்டி எலிக்கு தலை போச்சுன்னா ஒடம்பும் போயிடும். பாரிஸ் கார்னர் பக்கம் வெல்டு மெஷ் அடி கணக்குல வெட்டித் தருவாங்க, தெரிஞ்ச வெல்டர் இருந்தா ஃப்ரேம் அடிச்சு செஞ்சிக்கலாம், நான் ரெண்டாவது கூண்டு அப்படித்தான் செஞ்சேன். ஒரு குறை, கடல் காத்தும் எலி மூத்திரமும் சேந்து வருஷத்துக்குள்ள துரு புடிக்க வெச்சிடும், அதனால பவுடர் கோட்டிங் அடிச்ச கம்பியா பாத்து வாங்குனா பின்னாடி நிம்மதி.

கண்ணாடித் தொட்டி வேண்டவே வேண்டாம். கொளத்தூர்ல மீன் தொட்டி சீப்பா கெடைக்குது, பாக்கவும் அழகா இருக்குன்னு நெறைய பேர் அதுல விடுறாங்க. காத்து உள்ள போகாம மூத்திரத்தோட அமோனியா அடியிலயே தேங்கி நிக்கும், எலி மூக்கு அந்த ஒயரத்துலதான் இருக்கு. சூடும் வெளிய போகாது.

பறவைக் கூண்டோட கதவு மேல தூக்கி தொறக்குற மாதிரி இருக்கும். அத எலி ரெண்டாவது நாளே மூக்கால தூக்கிடும். பைண்டிங் கம்பியால கட்டுங்க இல்ல துணி காயப்போடுற கிளிப்ப போடுங்க.

தரை கம்பியாவே இருந்தா கால் பாதம் புண்ணாகி வீங்கிடும், அது ஆற மாசக்கணக்குல ஆகும். நான் கண்டுபுடிச்ச சரியான தரை எதுன்னா டைல்ஸ். டைல்ஸ் கடைல ஒத்தை ஒத்தையா மீந்தது கெடக்கும், கேட்டா கம்மி வெலைக்கு தருவாங்க, கூண்டு அளவுக்கு வெட்டி போட்டுட்டா கழுவுறதும் ஈஸி, வெயில் காலத்துல எலி அது மேலயே நாலு காலையும் பரப்பிட்டு படுத்துக்கும். ஃபிளெக்ஸ் பேனர் வெட்டிப் போடாதீங்க, கடிச்சு பொடிப்பொடியா ஆக்கும், அதுல கொஞ்சம் வயித்துக்குள்ளயும் போகும்.

டைல்ஸ் மேல என்ன போடுறது? மரப்பொடி போடாதீங்க. தச்சுப் பட்டறைல இருந்து ஓசில கெடைக்குதுன்னு எல்லாரும் மொதல்ல அதத்தான் அள்ளினு வர்றாங்க, என்ன மரம்னே தெரியாது, பிளைவுட் தூளும் பசையும் கலந்து இருக்கும், தூசி நேரா நுரையீரலுக்குப் போகும். ஜெராக்ஸ் கடைல வீணாப்போன பேப்பர் இருக்கும், அத நீளநீளமா கிழிச்சுப் போடுங்க. நியூஸ் பேப்பரும் பரவால்ல, ஆனா வெள்ளை எலி ரெண்டு நாள்ல சாம்பல் எலி ஆயிடும். படுக்க துணி வேணும்னா எம்.சி. ரோட்ல கட் பீஸ் கெடைக்கும், பனியன் துணியா பாத்து வாங்குங்க, டர்க்கி டவல் மாதிரி நூல் நூலா இருக்குறது வெரல்ல சுத்தி ரத்த ஓட்டத்த நிறுத்திடும்.

ஒளிஞ்சிக்க எடம் கட்டாயம் வேணும். வாயி ஒடஞ்ச மண்சட்டிய கவுத்துப் போடுங்க, அதவிட நல்ல வீடு எந்த ஆன்லைன் கடைலயும் இல்ல. தண்ணி பாட்டிலுக்குக் கீழ ஒரு செங்கல் துண்டு வெச்சா ஏறி ஏறி தண்ணி குடிக்கும்போதே நகம் தேஞ்சிடும். கடிக்க கொட்டாங்குச்சி. முன்பல்லு நாலும் சாகுற வரைக்கும் வளந்துக்கிட்டே இருக்கும், தேய்க்க ஏதாவது வேணும். பல்லு மஞ்சளா ஆரஞ்சா இருக்குன்னு பதறாதீங்க, அதுதான் அதோட கலரு.

எறும்பு. இது எழுத மறந்தா பாவம். தீனி இருக்குற எடத்துக்கு சாயங்காலத்துக்குள்ள எறும்பு வந்துடும், நம்ம ஆளுங்க ஒடனே சாக்பீஸ கூண்ட சுத்தி கோடு போடுவாங்க. அது பூச்சிமருந்து, எலி மேல ஒட்டுனா நக்கித்தான் சுத்தம் பண்ணும். நம்ம ஆயாங்க பலகாரத் தூக்குக்கு என்ன பண்ணாங்களோ அதையே பண்ணுங்க, கூண்டுக் கால் நாலையும் தண்ணி ஊத்துன கிண்ணத்துல வெச்சிடுங்க. தண்ணிய மட்டும் தெனம் மாத்துங்க, இல்லாட்டி கொசு முட்டை போடும்.

ஸ்டெப் 3: ரெண்டு வாங்குங்க, ரெண்டும் ஒரே பாலா இருக்கணும்

எலி கூட்டமா வாழ்ற ஜீவன். தனியா வெச்சா நீங்க எவ்ளோ கொஞ்சுனாலும் பத்தாது, ராத்திரி முழுக்க அது முழிச்சிருக்கும் நீங்க தூங்குவீங்க. ஒண்ணு மட்டும் வாங்கலாமான்னு கேக்காதீங்க.

"ஜோடி"ன்னு கேட்டுடாதீங்க, அங்கதான் நான் மாட்டுனேன். பிராட்வே பக்கம் ஞாயித்துக்கெழம சந்தைல ஒருத்தர்கிட்ட ரெண்டும் பொண்ணுதானேன்னு கேட்டேன், "கேரண்டி பா"ன்னு சொல்லி காகிதப்பைல போட்டுக் குடுத்தாரு. ஒண்ணு 200 ரூபா. சரியா மூணு வாரம் கழிச்சு மண்சட்டிக்குள்ள கீச்சு கீச்சுன்னு சத்தம், தூக்கிப் பாத்தா சுண்டுவிரல் முனை அளவுல பதினொரு ரோஸ் கலரு குட்டி. அம்மா வாசல்ல நின்னுக்கிட்டு "உருப்பட்டுடும்"னு ஒரே வார்த்தைதான் சொன்னாங்க.

கணக்க பாருங்க. சினை காலம் 21ல இருந்து 23 நாள். அஞ்சு வாரத்துலயே குட்டி போடுற வயசு வந்துடும். குட்டி போட்ட அன்னிக்கே தாய் மறுபடி சினை ஆகும். பொண்ணு எலி நாலஞ்சு நாளுக்கு ஒரு தடவை பருவத்துக்கு வரும், அதனால "ஒரு மணி நேரம் தானே ஒண்ணா விட்டேன்" எல்லாம் செல்லாது. குட்டி பொறந்துட்டா அப்பன ஒடனே தனியா எடுங்க, அஞ்சு வாரத்துல ஆம்பள குட்டிங்கள தாய்கிட்ட இருந்து பிரிச்சிடுங்க.

ஆண் பொண்ணு பாக்குறது கஷ்டமே இல்ல. அஞ்சு வாரம் தாண்டுன ஆணுக்கு வாலுக்குக் கீழ ரெண்டு கொட்டை பெருசா தெரியும், பயந்தா உள்ள இழுத்துக்கும், அதனால ஒரு நிமிஷம் கையில வெச்சிருந்துட்டு பாருங்க. பொண்ணுக்கு வயித்துல ரெண்டு வரிசையா காம்பு இருக்கும், ஆணுக்கு இருக்காது. கடைக்காரர் வாய நம்பாதீங்க, உங்க கண்ண நம்புங்க.

ஆணா பொண்ணா எது நல்லதுன்னா, பொண்ணு ஒரு எடத்துல நிக்காது, ஓடினே இருக்கும், விளையாட்டு காட்டும். ஆண் சோம்பேறி, மடில படுத்துக்கும், ஆனா போற எடமெல்லாம் சொட்டு சொட்டா மூத்திரம் விட்டு அடையாளம் வெக்கும். எனக்குப் பொண்ணுதான் புடிக்கும். இப்ப இருக்குற ரெண்டும் பொண்ணு, பேரு பூரி, கிழங்கு.

வாங்கும்போது ஆறு எட்டு வார வயசுல வாங்குங்க. கண்ணு மூக்கு ஓரத்துல சிவப்பா ஒட்டினு இருக்கா பாருங்க. அப்புறம் எலிய போன் மாதிரி காதுகிட்ட வெச்சு கேளுங்க. சுத்தமான எலிகிட்ட ஒரு சத்தமும் கேக்காது. டிக் டிக்னோ கர்ருன்னோ கேட்டா அந்த எலிய மட்டுமில்ல, அந்தத் தொட்டில இருக்குற எதையும் வாங்காதீங்க. வெள்ளை எலி, செவப்புக் கண்ணு இருந்தா தலைய எடதும் வலதுமா ஆட்டினே பாக்கும், அது நோய் இல்ல, அதுக்குப் பார்வை மட்டம், ஆட்டி ஆட்டித்தான் தூரத்த கணக்கு போடுது. டியூப் லைட்டு நேரா அடிக்கிற எடத்துல அத வெக்காதீங்க.

ஸ்டெப் 4: மொத வாரம்

ரெண்டு நாள் ஒண்ணும் பண்ணாதீங்க. கூண்டு பக்கத்துல ஒக்காந்து பேசுங்க, போன் நோண்டுங்க, வாசனையும் சத்தமும் பழகட்டும். மூணாவது நாள் ஸ்பூன் நுனில கொஞ்சம் தயிர் வெச்சு நீட்டுங்க. ஸ்பூன்ல இருக்குறத கவ்விட்டு ஓடமுடியாது, நின்னு நக்கித்தான் ஆகணும், அதுலதான் பழக்கம் வருது. கம்பி வழியா வெரல்ல தீனி குடுக்காதீங்க, அப்புறம் கம்பிக்குள்ள வர்ற எதுவும் தீனின்னு நெனச்சு கடிக்கும், பக்கத்து வீட்டுக் கொழந்தை வெரல விட்டா நீங்கதான் பதில் சொல்லணும்.

தூக்கும்போது வால புடிச்சு தூக்காதீங்க. தோல் அப்படியே உருவிட்டு வந்துடும், மறுபடி வளராது. நெஞ்சுக்குக் கீழ ஒரு கை, பின்னங்காலுக்குக் கீழ ஒரு கை.

பழகுனதும் தெனம் ஒரு மணி நேரமாவது வெளிய விடுங்க. கட்டில் மேல விடுறதுதான் சேஃப், தரைல விட்டா சார்ஜர் ஒயரு காலி. நான் மூணு சார்ஜர் குடுத்துட்டேன். கையால முதுகுல கிச்சுகிச்சு மூட்டி விளையாடுங்க, எலி அதுக்கு சிரிக்கும், நம்ம காதுக்குக் கேக்காத ஒயரத்துல, 50 கிலோ ஹெர்ட்ஸ்ல. ஜாக் பாங்க்செப்னு ஒரு விஞ்ஞானி 1990கள்ல இத கருவி வெச்சு பதிவு பண்ணாரு. இதே காரணத்துக்காக இன்னொண்ணு, பிளக்குல சொருகி எலி வெரட்டுற மெஷினு விக்குது பாருங்க, அது உங்க வீட்ல இருந்தா கழட்டிடுங்க, அது போடுற சத்தம் உங்க எலிக்குத்தான் மொதல்ல கேக்கும்.

ஒருநாள் உங்க மடில படுத்துக்கிட்டு பல்ல நறநறன்னு கடிச்சு, கண்ணு ரெண்டும் உள்ள வெளிய உள்ள வெளியன்னு துடிக்கும். மொத தடவை பாக்குறவங்க வலிப்புன்னு நெனச்சு ஆட்டோ புடிச்சிடுவாங்க. பல்ல கடிக்கும்போது தாடை தசை கண்ணுக்குப் பின்னாடி அசையுது, அவ்ளோதான், மத்தபடி சுறுசுறுப்பா இருந்தா சந்தோஷமா இருக்குன்னு அர்த்தம்.

ஸ்டெப் 5: தீனி

ஒரு வளந்த எலி ஒரு நாளைக்கு 15ல இருந்து 20 கிராம் தின்னும். ரேட்டுக்குன்னு பெல்லட் கெடைச்சா அதுவே பாதிக்கு மேல இருக்கட்டும். கெடைக்கலன்னா கம்பு, கேழ்வரகு, கோதுமை, ஓட்ஸ், கொஞ்சம் பொட்டுக்கடலை கலந்து வெச்சிக்கோங்க, தெனம் ஏதாவது காய், கேரட், வெள்ளரி, பூசணி, கீரை, வாரத்துல ரெண்டு நாள் அவிச்ச முட்டை ஒரு துண்டு. எலி விவரமானது, கலவைல புடிச்சத மட்டும் பொறுக்கித் தின்னுட்டு மீதிய மூலைல தள்ளும், அது காலியாகுற வரைக்கும் புதுசு போடாதீங்க. சூரியகாந்தி விதை பாக்கெட் மட்டும் போட்டு வளத்தா ஆறு மாசத்துல எலி பூசணிக்கா ஆயிடும்.

ஞாயித்துக்கெழம சிக்கன் எடுத்தா மசாலா போடுறதுக்கு முன்னாடி ஒரு கால் எலும்ப வெறும் தண்ணில வேகவெச்சு குடுங்க. கிழங்கு அந்த எலும்ப வாய்ல கவ்விக்கிட்டு தன்னைவிட பெரிய சாமான தூக்கினு மேல் தட்டுக்கு ஏறுவா, பாதில எலும்பு கம்பில மாட்டும், எறங்கி வந்து திருப்பிப் புடிச்சு மறுபடி ஏறுவா, பூரி கீழ நின்னு எப்ப விழும்னு பாத்துனே இருப்பா.

வேண்டாதது: எலியால வாந்தி எடுக்க முடியாது, ஏப்பமும் விட முடியாது. தப்பானது உள்ள போனா வெளிய வர வழியில்ல. அதனால கூல்ட்ரிங்க்ஸ், சோடா கூடாது. வேகாத மொச்சை, ராஜ்மா, பச்சை சக்கரவள்ளி, முளைவிட்டு பச்சையா போன உருளைக்கெழங்கு, வெங்காயம், சாக்லேட் எல்லாம் விலக்கு. பழைய நெலக்கடலை, பூஞ்சை வாடை அடிக்கிற எதுவும் கூடாது, அதுல வர்ற அஃப்ளாடாக்ஸின்ங்குற விஷம் எலி ஈரல நேரா அடிக்கும். ஆண் எலிக்கு ஆரஞ்சு ஜூஸ், தோல் ரெண்டும் வேண்டாம். காசிமேட்டுல இருந்து வர்ற கருவாடு வீட்ல எப்பவும் இருக்கும், வாசனைக்கு எலி கூண்டையே கடிக்கும், ஆனா அது முழுக்க உப்பு, குடுக்காதீங்க. நம்ம தட்டுல இருந்து சாம்பார் சோறு, பிரியாணி எடுத்துக் குடுக்குறதும் அதே கேஸு.

ஸ்டெப் 6: வெயில்

இதுக்குத்தான் வந்தேன். எலிக்கு நம்மள மாதிரி வேர்க்காது. சூட்ட வால் வழியாவும் காது வழியாவும்தான் வெளிய தள்ளும். 20ல இருந்து 26 டிகிரி அதுக்கு சுகம், 30 தாண்டுனா கவனிக்க ஆரம்பிக்கணும், அதுக்கு மேல போகப்போக உயிருக்கே ஆபத்து. நம்ம ஊர்ல அக்னி நட்சத்திரம் வந்தா ராத்திரி பதினோரு மணிக்கும் வீட்டுக்குள்ள 32, 33 காட்டும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீடு, இல்ல மொட்டை மாடிக்கு நேர்கீழ ரூம் இருந்தா, ஏப்ரல் ஜூன் நடுவுல எலிய அங்க வெக்காதீங்க, கீழ் வீட்ல யார்கிட்டயாவது கெஞ்சியாவது எறக்கி வெச்சிடுங்க.

நான் பண்றது: கூண்ட ரூம்லயே தாழ்வான, வடக்குப் பக்க மூலைக்கு மாத்திடுவேன், வெயில் படாத எடம். ரெண்டு ஒரு லிட்டர் பாட்டில்ல தண்ணி ஊத்தி ஃப்ரீசர்ல போட்டு, பழைய பனியன சுத்தி காலைல பதினோரு மணிக்கு ஒண்ணு, மூணு மணிக்கு ஒண்ணு கூண்டுக்குள்ள வெப்பேன். பூரி அத கட்டிப்புடிச்சுத்தான் தூங்குவா. துணி சுத்தாம வெக்காதீங்க. அகலமான தட்டுல ஒரு விரக்கடை தண்ணி ஊத்தி நாலு பட்டாணி மெதக்க விட்டா கால நனைச்சுக்கிட்டே பொறுக்கித் தின்னும், காலும் வாலும் நனஞ்சா ஒடம்பு ஆறும். ஈரத்துணிய கூண்டு மேல போட்டா போதும்னு சிலர் சொல்லுவாங்க, மதுரைல ஆகலாம், இங்க காத்துலயே ஈரம் ஜாஸ்தி, துணி காயவே காயாது, உள்ள புழுக்கம்தான் ஏறும். ஃபேன் போடுங்க, ஆனா காத்து நேரா கூண்டு மேல அடிக்காம செவுத்துல பட்டு திரும்பட்டும்.

எலி தரைல நீட்டிப்படுத்து, வாயத் தொறந்து மூச்சு வாங்குது, எச்சி வழியுது, தூக்குனா துணி மாதிரி தொவளுதுன்னா அது சூட்டு அடி. ஐஸ் தண்ணில முக்காதீங்க, அதிர்ச்சில போயிடும். சாதா குழாய்த் தண்ணில வாலையும் காலையும் நனைங்க, காதுல ஈரத்துணி ஒத்துங்க, டாக்டர்கிட்ட கெளம்புங்க.

கரண்ட் கட்டுக்கும் ஒரு ஏற்பாடு வேணும். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலப்போ எங்க பக்கம் மூணு நாள் கரண்ட் இல்ல, அது குளிர் நேரம்ங்கறதால தப்பிச்சோம், பிரச்சனை வேற மாதிரி வந்துச்சு, தெருத்தண்ணி ஏற ஏற சாக்கடை எலி எல்லாம் படிக்கட்டு ஏறி மேல வந்துடுச்சு. கூண்ட டேபிள் மேல தூக்கி வெச்சு ராத்திரி முழுக்க டார்ச் அடிச்சினு ஒக்காந்திருந்தேன். வெளி எலி மூத்திரம் பட்ட எடத்துல உங்க எலி ஓடக்கூடாது. ஜன்னலுக்கு கம்பி வலை அடிங்க, தீனிய எவர்சில்வர் தூக்குல மூடி வெய்ங்க. வீட்ல எலி மருந்து, எலி கேக்கு, கம் அட்டை எதுவும் இருக்கக்கூடாது, பக்கத்து போர்ஷன்லயும் வெக்கிறாங்களான்னு கேட்டு வெச்சிக்கோங்க.

ஸ்டெப் 7: பொகை, தூசி, மூச்சு

கடை எலி கிட்டத்தட்ட எல்லாத்துக்கும் மைக்கோபிளாஸ்மாங்குற கிருமி நுரையீரல்ல ஏற்கனவே இருக்கும். எலி நல்லா இருக்குற வரைக்கும் அது அடங்கிக் கெடக்கும். பொகை, அமோனியா, தூசி, பயம் இதுல ஏதாவது ஒண்ணு ஏறுனா முழிச்சிக்கும். முழுசா ஒழிக்க மருந்து கெடையாது, அடக்கி வெக்கத்தான் முடியும்.

நம்ம வீட்ல எத்தன பொகைன்னு எண்ணிப் பாருங்க. கொசுவத்தி, ஊதுபத்தி, வெள்ளிக்கெழம சாம்பிராணி, தாளிப்பு, வருஷத்துக்கு ஒரு போகி. சாம்பிராணிய நிறுத்துன்னு அம்மாகிட்ட சொல்ல முடியாது, அதனால வெள்ளிக்கெழம ஆறு மணிக்கு கூண்டு வராண்டாவுக்குப் போயிடும், ஏழரைக்குத் திரும்பும், இது எங்க வீட்டு ஒப்பந்தம். கொசுவத்திக்குப் பதிலா கொசுவலை கட்டிட்டோம், கூண்டுக்கும் சேத்து. போகி அன்னிக்கு விடியக்காலைல நாலு மணிக்கே டயரு வாடை வந்துடும், மொத நாள் ராத்திரியே ஜன்னல சாத்தி சந்துல ஈரத்துணி சொருகிடுங்க. தீபாவளிக்கு உள் ரூம், ஜன்னல் சாத்தி, ஒளிஞ்சிக்க நெறைய பேப்பர்.

சுத்தம் பண்றதுல ஒரு சூட்சுமம். தெனம் புழுக்கையும் நனஞ்ச பேப்பரும் எடுங்க, வாரம் ஒருக்கா டைல்ஸ சோப்பு தண்ணில கழுவுங்க. ஃபினாயில் கிட்டவே வரக்கூடாது. எல்லாத்தையும் ஒரே நாள்ல கழுவாதீங்க, வாசனை மொத்தமா போச்சுன்னா மறுபடி எல்லா எடத்துலயும் மூத்திரம் விட்டு எழுத ஆரம்பிக்கும். மூலைல ஒரு ட்ரேல பேப்பரும் நடுவுல ஒரு கூழாங்கல்லும் வெச்சா அந்தக் கல்லு மேலதான் மூத்திரம் விடணும்னு அதுவே கத்துக்கும், ஏன்னு கேக்காதீங்க, வேலை செய்யுது. வாடை சோதனைக்கு நீங்க நின்னு மோந்து பாக்காதீங்க, குனிஞ்சு உங்க மூக்க கூண்டுத் தரை மட்டத்துக்குக் கொண்டுபோங்க. கண்ணு எரிஞ்சா லேட்டு.

கண்ணோரம் மூக்கோரம் சிவப்பா வடிஞ்சா ரத்தம் இல்ல. கண்ணுக்குப் பின்னாடி ஒரு சுரப்பில இருந்து வர்ற நெறம் அது, பேரு போர்ஃபிரின். தூங்கி எழுந்ததும் துளி இருந்தா பரவால்ல. தெனம் இருந்தா, கூடவே தும்மல் ஓயலன்னா, மூச்சு விடும்போது விலா ரெண்டும் உள்ள இழுத்தா, ரோமம் சிலிர்த்து கூனிக்கிட்டு மூலைல ஒக்காந்தா, அன்னிக்கே டாக்டர். நாளைக்குப் பாக்கலாம்னு எலி விஷயத்துல சொல்லாதீங்க, அதோட ஒரு நாள் நம்மளுக்கு மாசக்கணக்கு.

ஸ்டெப் 8: டாக்டர முன்னாடியே தேடி வெய்ங்க

எல்லா கால்நடை டாக்டரும் எலி பாக்க மாட்டாங்க. ஒரு கிளினிக்ல "எலிக்கு வைத்தியமா, பத்து ரூபா மருந்து வெச்சா தீர்ந்துடும்"னு சிரிச்சாங்க, பூரி அப்ப மூச்சு விட முடியாம என் சட்டைக்குள்ள இருந்தா. 1903ல தொடங்குன கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரில, நம்ம பக்கத்துலயே இருக்கு, மொத வேலையா அங்கயோ வேற எங்கயோ எலி முயல் பாக்குற டாக்டர் யாரு, எந்த நேரம்னு விசாரிச்சு வெச்சிடுங்க. மருந்து எடைக்கு ஏத்த மாதிரி துளிக்கணக்குல வரும், உங்க இஷ்டத்துக்கு மனுஷ மாத்திரைய ஒடைச்சுக் குடுக்காதீங்க. சமையல் தராசுல வாரம் ஒருக்கா எடை போட்டு காலண்டர்ல எழுதுங்க, நோய் கண்ணுக்குத் தெரியுறதுக்கு முன்னாடி எடை காட்டிக் குடுக்கும்.

ஒன்றரை வயசு தாண்டுன பொண்ணு எலிக்கு அக்குள்லயோ தொடை இடுக்குலயோ கட்டி வர்றது சகஜம். பல நேரம் பரவாத கட்டிதான், சின்னதா இருக்கும்போதே எடுத்துடலாம். ஆபரேஷனுக்கு மொத நாள் ராத்திரி பட்டினி போடச் சொன்னா, எலிக்கும் அது வேணுமான்னு ஒரு தடவை கேளுங்க, வாந்தியே எடுக்காத ஜீவனுக்கு அது தேவையில்ல, சின்ன ஒடம்பு பட்டினி தாங்காது.

உங்கள கடிச்சா சோப்பு போட்டு ஓடுற தண்ணில நல்லா கழுவிட்டு ஸ்டான்லி ஆஸ்பத்திரிலயோ பக்கத்து டாக்டர்கிட்டயோ காட்டுங்க, கடிச்சது வளப்பு எலின்னு சொல்லியே காட்டுங்க. கடி ஆறிப்போய் சில நாள் கழிச்சு காய்ச்சலும் மூட்டு வலியும் வந்தாலும் எலி வளக்குறேங்குறத டாக்டர்கிட்ட மறக்காம சொல்லணும். எலிய தொட்டா கைய கழுவிட்டுத்தான் சாப்பாடு.

ஆயுசு ரெண்டுல இருந்து மூணு வருஷம். அவ்ளோதான். வாங்கும்போதே தெரிஞ்சு வாங்குங்க, வீட்ல கொழந்தை இருந்தா அதுகிட்டயும் சொல்லி வெய்ங்க. ரெண்டுல ஒண்ணு போச்சுன்னா மிச்சம் இருக்குறது சாப்பிடாம ஒடுங்கும், ரெண்டு சின்ன எலிய வாங்கி பக்கத்துக் கூண்டுல வெச்சு, துணிய மாத்தி மாத்திப் போட்டு வாசனை பழக்கி, அப்புறம் யாருக்கும் சொந்தமில்லாத எடத்துல, கட்டில் மேல, கொஞ்சம் கொஞ்சமா சேருங்க. ஒரே நாள்ல கூண்டுல தள்ளுனா ரத்தக்களறி.

ஊருக்குப் போறது கடைசி. ஒரு ராத்திரின்னா தீனி கொஞ்சம் ஜாஸ்தியா போட்டு ரெண்டு தண்ணி பாட்டில் மாட்டிட்டுப் போலாம். அதுக்கு மேலன்னா ஆள் வேணும். எங்க மாடி வீட்டுப் பையன் எட்டாவது படிக்கிறான், பொங்கலுக்கு நாங்க போனா அவன்தான் பாத்துக்குறான். மொத தடவை ரெண்டு பக்கத்துக்கு எழுதிக் குடுத்தேன், அவன் படிக்கவே இல்ல. இப்ப ஒண்ணே ஒண்ணுதான் சொல்றேன், "டேய், உள்ள வந்ததும் பாட்டில் நுனில இருக்குற குண்ட வெரலால தட்டு, தண்ணி சொட்டுதான்னு பாரு." ஏன்னா பாட்டில் நெறஞ்சு இருக்குற மாதிரியே தெரியும், குண்டு மாட்டிக்கிட்டு ஒரு சொட்டு கூட வராது.